வயிற்றுக்குள் வளரும் மூளை: தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



குழுக் கூட்டத்தில் சந்தா, தவணை எல்லாம் எழுதி முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் சில பேச்சுகள் மெதுவாக வெளியே வரும். "ரெண்டு வயசாச்சு, இன்னும் வாய் தொறக்கல." "கழுத்தே நிக்கல மைனி. கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டா, அதான்." குழந்தை பின்தங்கினால் பழி தாய் தலையில்தான் விழுகிறது. மாமியார் ஒன்று சொல்வார், பக்கத்து வீடு இன்னொன்று சொல்லும். அந்தப் பெண்ணும் நம்பி உள்ளுக்குள் அழுதுகொண்டே தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வருவாள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அப்படியானால் மூளை எப்படி வளர்கிறது, எங்கே தடைபடுகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பெரிய வேலை ஒன்று நம் சென்னையிலேயே நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராசில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு ஒரு வரைபடம் தயாரித்து 2024 டிசம்பரில் வெளியிட்டது. அதற்குப் பெயர் 'தரணி'. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் நடந்த வேலை இது. பிறக்காமலே போன ஐந்து கருக்களின் மூளையை, தலைமுடியைவிட மெல்லிசான சீவல்களாக அறுத்து, 5,132 சீவல்களைப் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அவை 14 வாரம் முதல் 24 வாரம் வரை வளர்ந்த கருக்கள். ஐந்து தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! அந்த இழப்பிலிருந்து கிடைத்த படங்களை இன்று உலகத்து விஞ்ஞானிகள் யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். நல்ல மூளை எந்த வாரத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கோளாறு எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியும்? ஊர் வரைபடம் இல்லாமல் உடைந்த குழாயைத் தேட முடியுமா?

கரு உண்டான நான்கு வாரத்துக்குள், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான ஒரு குழாய் மூடிக்கொள்கிறது. அப்போது பல பெண்களுக்குத் தலைமுழுகாத விஷயமே உறுதியாகியிருக்காது. அந்தக் குழாய் சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். அதனால்தான் 'மூணாம் மாசம் ஆகட்டும், மாத்திரை போட்டுக்கலாம்' என்பது தப்பு. கலியாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணே கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுத் தொடங்கிவிட வேண்டும். குழாய் மூடிய பிறகு நரம்பணுக்கள் கோடிக்கணக்கில் பிறந்து, மூளையின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு நகர்ந்து போய் அவரவர் இடத்தில் உட்காருகின்றன. நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்களில் இந்த வேலை மும்முரமாக நடக்கும். அப்போது மூளையின் மேற்பரப்பு பெரும்பாலும் வழுவழுவென்று இருக்கும். நாம் படத்தில் பார்க்கிற மடிப்புகளில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் விழுகிறது.

இந்த வேலைக்குத் தாயின் தைராய்டு சுரப்பு வேண்டும், அதற்கு அயோடின் வேண்டும். உலகம் முழுவதும், தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கு முக்கியக் காரணம் அயோடின் குறைவு. தூத்துக்குடி உப்பளம் பக்கம் என்பதால் நம் ஊர்களில் சாதா கல்லுப்பு சல்லிசாகக் கிடைக்கும். ஊறுகாய் போட வைத்துக்கொள்ளுங்கள். குழம்புக்குச் சிரிக்கும் சூரியன் படம் போட்ட அயோடின் உப்புதான் வேண்டும்.

சொந்தத்தில் கட்டுவதையும் சொல்லாமல் விட முடியாது. குறையுள்ள சில மரபணுக்கள் எல்லோர் உடம்பிலும் மறைந்து கிடக்கும். தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டினால், ஒரே குறை இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல குழந்தைகளே பிறக்கின்றன, பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை இருந்தால், நகைநட்டு பேசுவதற்கு முன்னால் டாக்டரிடம் பேசுங்கள்.

பிறந்த பிறகும் ஆபத்து உண்டு. பிறந்தவுடன் அழாத குழந்தைக்கு மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். பிறந்த ஒரு நாளுக்குள் மஞ்சள் காமாலை தெரிந்தாலோ, மஞ்சள் கால்வரை இறங்கினாலோ வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அது மூளையில் படிந்தால் திரும்பாது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற வதந்தியை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள், அப்படி எதுவும் இல்லை.

இனி நல்ல செய்தி. பிறக்கும்போது பெரியவர்கள் மூளையில் கால்வாசி எடைதான் குழந்தைக்கு இருக்கும். இரண்டு வயதுக்குள் அது முக்கால்வாசியைத் தொட்டுவிடும். இந்தக் காலத்தில் பேச்சு, தொடுதல், விளையாட்டு, பயிற்சி எல்லாமே மூளையில் புதுப் பாதை போடுகின்றன. அடிபட்ட இடத்தின் வேலையைப் பக்கத்து இடம் ஓரளவு எடுத்துக்கொள்ளவும் செய்யும். வயது ஏற ஏற அந்த வசதி குறைகிறது.

ஆகையால் காத்திருக்கக் கூடாது. இரண்டு, மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஐந்து மாதத்தில் தலை நிற்க வேண்டும், ஒன்பது மாதத்தில் உட்கார வேண்டும். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், ஒன்றரை வயதில் நடக்க வேண்டும், இரண்டு வயதில் 'அம்மா வா' என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும். இதில் ஒன்று தள்ளிப்போனாலும் காட்டுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று பாட்டி சொல்வார். பேச்சு வர வசம்பு உரைத்து நாக்கில் தடவுவார்கள். காது கேட்காத குழந்தைக்கு வசம்பு என்ன செய்யும்? முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

எங்கே காட்டுவது? சென்னைக்கு ஓட வேண்டாம். நம் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளின் வீட்டுக்கே பணியாளர்கள் போய், தாய்க்கும் தகப்பனுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். முன்னேற்றத்தைச் செல்போன் செயலியில் குறித்துக்கொள்கிறார்கள். இந்த முறை குறித்து ஆராய்ச்சிக் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. ஐ.ஐ.டி. வேலைக்கு இது சளைத்ததல்ல என்பது என் எண்ணம்.

அரசு வழியும் உண்டு. 2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பார்க்கும். தேவைப்பட்டால் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை விளையாடுவதைச் செல்போனில் படம் பிடித்துக் காட்டினால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

பஸ் செலவுக்கும் ஒருநாள் கூலிக்கும் யோசித்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் கொடுக்கிற உள்கடனை இதற்கும் முதல் வரிசையில் கொடுக்கத் தீர்மானம் போடலாமே. 'மூணே மாசத்துல சரியாக்கிருவோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆட்களிடம் அந்தப் பணம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு எல்லாம் சேர்ந்து 21 வகைகள் உள்ளன. அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கான மாதப் பராமரிப்புத் தொகையை 2023 ஜனவரி முதல் தமிழக அரசு 2,000 ரூபாயாக உயர்த்தியது. மருத்துவச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எடுத்துக்கொண்டு தென்காசியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாதவர்களோடு குழுப் பிரதிநிதி ஒருவர் கூடப் போய் வாருங்கள்.