இளைப்பு வந்தவரை உட்கார வைப்பது சரியா?

பட்டு நெய்யும் ஆரணியின் தறி வீடுகளில் ஒருவருக்கு இளைப்பு முற்றிவிட்டால், அவரைத் தறிக்குழியிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் மருமகள் கொண்டு வருவார், கடைக்குப் பேரன் ஓடுவான். அத்தனையும் அன்பு. ஆனால் சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இந்த அன்பே ஆளை முடக்குகிறது. சுருங்கிய மூச்சுக்குழாய்களிலிருந்து காற்று முழுதாக வெளியேறாததால்தான் மூச்சு வாங்குகிறது. அதற்குப் பயந்து நடப்பதை நிறுத்தினால் தொடைத் தசை மெலிகிறது; மெலிந்த தசை அதே பத்தடிக்கு முன்பைவிட அதிக மூச்சைக் கேட்கிறது. தெருமுனை வரை போனவர் திண்ணையோடு நின்று, கடைசியில் கட்டிலோடு கிடக்கிறார். இதில் நோய்க்கு மட்டுமல்ல, நாம் கொடுத்த ஓய்வுக்கும் பங்கு உண்டு.

பட்டு நெய்ததால் வந்தது என்று தறியை மட்டும் பழிப்பதும் பொருந்தாது. பீடி, விறகடுப்பு, நூலின் பசை நீக்கக் கொதிக்கும் அண்டாவின் அடியில் எரியும் விறகு, நெல் ஆலைத் தூசு, முன்பு வந்துபோன காசநோய் என்று காரணங்கள் பல. புகைபிடிக்காத கிராமப்புறப் பெண்கள் 900 பேரிடம் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. நூற்றில் இரண்டு பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. அதனால் புகையிலிருந்து விலக்குங்கள், நடையிலிருந்து விலக்காதீர்கள்.

மூச்சே விட முடியாதவரை நடக்கச் சொல்வது கொடுமையல்லவா? நியாயமான கேள்வி. 65 சோதனைகளையும் 3,822 நோயாளிகளையும் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை, மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது. அது, பயிற்சியால் இளைப்பு குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது என்று கண்டது. இதற்கு மேல் நிரூபணம் தேவையில்லை என்று அந்த ஆய்வு வரிசையையே முடித்துக்கொண்டார்கள். மருத்துவர் சோதித்த பின், பேச முடிகிற வேகத்தில் சில நிமிடம் நடந்து, நின்று, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி, மறுபடி நடப்பதுதான் முறை. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட வேண்டும். தறியையும் அடியோடு விட வேண்டியதில்லை. கையைத் தூக்கிச் செய்யும் வேலையில் இளைப்பு கூடும் என்பதால், நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இடையிடையே நிறுத்தி நெய்யலாம். இன்ஹேலர் 'பழகிவிடும்' என்று ஒதுக்குவதும் தவறு. அது குழாயைத் திறந்தால்தான் நடையே கைகூடும்.

கூலிக்கு நெய்யும் வீட்டில் பயிற்சிக்காக வேலூர் மருத்துவமனைக்கு அலைய யாருக்கு நேரம்? அலையத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சிஓபிடி உள்ள 166 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், ஒரே ஒரு வீட்டு வருகையும் வாரம் ஒன்றாக ஏழு தொலைபேசி அழைப்புகளும், மருத்துவமனைப் பயிற்சிக்கு ஈடான பலனைத் தந்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது, இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கு அனுப்புகிறது. பக்கவாதம் வந்தவரின் கையை நீட்டி மடக்கச் சொல்லித்தரும் அவரே, பக்கத்து வீட்டு இளைப்புக்காரருக்கும் நடைக்கணக்கு எழுதித் தரட்டும். அடுத்த ஏழு வாரமும் ஒரு போன் செய்து கேட்கட்டும். கூடவே இருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ, எப்போது தாங்கிப் பிடிப்பது, எப்போது விலகி நின்று நடக்கவிடுவது என்று சொல்லித்தர வேண்டியவரும் அவர்தான்.