பெரியம்மாவும் இரண்டு நீல டிக்கும்

மன்னார்குடிப் பெரியம்மாவுக்கு வயது 71. தொடக்கப் பள்ளியில் 34 வருடம் டீச்சர். பெரியப்பா போன பிறகு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். போன தீபாவளிக்குத் தோஹாவிலிருந்து வந்த மகன் ஒரு ஸ்மார்ட்போனை வாங்கிக் கொடுத்து, வாட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் போட்டுக் காட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். மூன்றாவது வாரம், காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன்.

"ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லடா. பேத்திக்கு ஒரு சேதி அனுப்பிச்சேன். ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு. பதிலே வரலை. எம்மேல கோவமா அவளுக்கு?"

பேத்திக்கு மறுநாள் செமஸ்டர் தேர்வு. ஹாஸ்டல் மெஸ் வரிசையில் நின்றபடி சேதியைப் பார்த்திருக்கிறாள், மறந்துவிட்டாள். இங்கே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் கூரையைப் பார்த்தபடி விடிய விடியப் படுத்திருக்கிறார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லித்தர எல்லா வீட்டிலும் ஆள் உண்டு. அழுத்திய பின் மனசு என்ன பாடுபடும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

பார்த்தாச்சு, பதில் எங்கே?

நீல டிக் 2014-இல் வந்தது. எதிராளி சேதியைத் திறந்தார் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. படித்தாரா, யோசித்தாரா, பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பெரியம்மா இன்லேண்டு லெட்டர் எழுதிய காலத்தில் பதில் வரப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் அவர் நிம்மதியாகத்தான் தூங்கினார். அன்றைக்கும் பதில் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் கடிதம் பிரிக்கப்பட்ட நேரத்தை யாரும் வந்து சொல்லவில்லை.

வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போனால் இந்த நீல டிக்கை அணைத்துவிடலாம். நாம் படித்ததும் பிறருக்குத் தெரியாது, பிறர் படித்ததும் நமக்குத் தெரியாது. குழுக்களில் இது செல்லாது. புதிதாக வருகிற பெரியவர்களுக்கு முதல் வேலையாக இதைச் செய்து கொடுங்கள் என்பேன். பெரியம்மாவுக்கு அன்றைக்கே செய்தேன்.

வேடிக்கை பார்ப்பதும் பேசுவதும்

போனைப் பிடுங்கி வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. தனிமை உடம்பைத் தின்னும். 2023 மே மாதம் அமெரிக்காவின் 'சர்ஜன் ஜெனரல்' என்னும் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர் பொறுப்பில் இருந்த விவேக் மூர்த்தி தனிமை பற்றி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். உறவும் நட்பும் குறைந்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 29 சதவீதமும் பக்கவாத வாய்ப்பு 32 சதவீதமும் கூடுகிறது என்றது அது. அதே மாதம் அவரே இன்னோர் அறிக்கையும் விட்டார். அது சமூக ஊடகம் இளையவர்களின் மனநலத்துக்குச் செய்யும் கேடு பற்றியது. இரண்டும் உண்மைதான். ஒரே போனில் மருந்தும் இருக்கிறது, நோயும் இருக்கிறது.

எது மருந்து, எது நோய் என்பதில் ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை. பெரியம்மாவிடம் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பார், முகம் வாடியிருக்கும். அந்தப் பக்கத்துக்கு அடியே கிடையாது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வருத்தம் தெரிவித்தார். செய்தித்தாளென்றால் கடைசிப் பக்கம் வந்ததும் மடித்து வைத்துவிடுவோம். இதில் மடிக்க எதுவும் இல்லை.

ஆனால் பழைய மாணவர்கள் தொடங்கிய குழுவில் பெரியம்மா பேசிய நாளில் முகமே வேறு. மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும், விரலை எடுத்தால் சேதி போய்விடும். முதல் நாள் 'எல்லாரும் சௌக்கியமா' என்பது மூன்று துண்டாகப் போனது. மூன்றாம் துண்டில் "என்னடா இது, விட்டா ஓடுது" மட்டும் இருந்தது. ஐம்பது வயதுக்காரர்கள் அதற்கு 'பிரசன்ட் டீச்சர்' என்று வரிசையாகப் பதில் போட்டார்கள். கட்டைவிரல் நடுங்க நடுங்க ஒவ்வொருவர் பேரையும் சொல்லி அவர் பதில் சொன்னார். அன்று ரீல்ஸ் பக்கமே போகவில்லை.

கழுத்து, கண், கட்டைவிரல்

மனிதத் தலை சுமார் ஐந்து கிலோ. 60 டிகிரி குனிந்து போனைப் பார்த்தால் கழுத்தெலும்பின் மேல் ஏறும் பாரம் 27 கிலோ அளவுக்குப் போகும் என்று நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்குப் போட்டார். ஒரு சிப்பம் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மடியில் தலையணை வைத்து, முழங்கையை அதில் ஊன்றி, போனை முகத்துக்கு நேரே உயர்த்தினால் பாதித் தொல்லை தீர்ந்தது.

திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது. எரிச்சலும் உறுத்தலும் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 வினாடி பாருங்கள், தென்னை மரமானாலும் சரி. எழுத்தைப் பெரிதாக்கிவிடுங்கள். இரட்டைப் பவர் கண்ணாடிக்காரர்கள் அடிப்பக்கக் கண்ணாடி வழியாகப் படிக்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள், அதுவும் கழுத்து வலிதான். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலித்தால் தட்டச்சை விட்டுவிட்டுக் குரல்சேதிக்கு மாறுவது நல்லது. முக்கியமாக, போனைப் பார்த்தபடி நடக்காதீர்கள். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிவு சின்ன விஷயம் இல்லை.

மாத்திரை டப்பாவில் ஒரு ஊசி

ஒரு நாள் பெரியம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு தையல் ஊசி. "பக்கவாதம் வந்தா பத்து விரல் நுனியிலயும் குத்தி ரத்தம் எடுத்தாப் பொழைச்சுக்கலாமாம். சீனாவுல செய்யறாளாம். குரூப்ல வந்துது" என்றார். கூப்பிய கைகள் ஆறு போட்டு, நாற்பது பேருக்குத் தானும் அனுப்பியிருக்கிறார்.

இந்தச் சேதி பல வருடமாகச் சுற்றுகிறது, சாகவே மாட்டேன் என்கிறது. பெரும்பாலான பக்கவாதம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைப்பதால் வருகிறது. விரலில் குத்தினால் அந்த அடைப்பு அசையாது. ஊசி தேடும் நேரம்தான் வீண். கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு லாபம். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க வரவில்லையா, பேச்சு குழறுகிறதா? உடனே 108. மாரடைப்பு வந்தால் விடாமல் இருமுங்கள் என்று வரும் சேதியும் இதே ஜாதி. அதற்கும் 108 தான்.

சேதியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்ப முடியும். மற்ற சேதிகளுக்கு இந்தியாவில் ஐந்து பேர் என்ற கட்டு 2018-லேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. பிள்ளை பிடிக்கிற கும்பல் என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவிய அந்த வருடம் மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் கோயிலுக்கு வந்த வயதான பெண்ணை, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. இதைச் சொன்னதும் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஊசியை எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் போட்டார்.

மோசடிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள், சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். ஏமாந்தவர்களுக்குப் பணத்தைவிட அதிகம் போவது தூக்கம். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள் குமைகிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். மனம் ரொம்பக் கலங்கியிருந்தால் அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

எட்டரை மணி

இரவில் திரையின் வெளிச்சம், தூக்கத்தைக் கூட்டிவரும் மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். வெளிச்சத்தைவிடச் சேதிதான் பெரிய தொந்தரவு என்பது என் எண்ணம். குடும்பக் குழுவில் பத்தரைக்குக் கிளம்பும் சொத்துத் தகராறை எந்த நைட் மோடு மறைக்கும்? அந்தக் குழுவை மியூட்டில் போட்டுக் கொடுத்தேன். எட்டரை ஆனால் பெரியம்மா போனைச் சமையலறையில் அரிசி டின் மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்.

போன வாரம் நான் அங்கே இருந்தேன். காலைக் காபி முடிந்து டின்னிலிருந்து போனை எடுத்தார். பேத்தி, தோழிகளோடு தனி வீடு எடுத்துச் சமைக்கத் தொடங்கியிருக்கிறாள். 'பாட்டி, வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு?' என்று கேட்டிருந்தாள். பெரியம்மா தலையணையை மடியில் வைத்து, மைக்கை அழுத்திப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். சேதி நாலு நிமிஷம் ஓடியது. புளிக்கு அதில் இருபது வினாடி இருந்திருக்கும். மீதியெல்லாம் எதிர்வீட்டு மாடு ராத்திரி கன்று போட்ட கதை.