புகைபோக்கியும் கழிவு மேடும்: காற்றின் தூய்மையைச் சட்டம் காக்கும் விதம்

பங்காரப்பேட்டையிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் செல்லும் கிளை ரயில் பாதையின் கடைசி நிலையம் மாரிகுப்பம். மைசூர்ச் சுரங்கம் என வழங்கிய பழைய தங்கச் சுரங்கம் அமைந்திருந்த இடம் இதுவே. இப்பகுதிக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவன, உச்சி தட்டையாகவும் பக்கங்கள் மழைநீரால் அரிக்கப்பட்டும் நிற்கும் பெரிய மேடுகள். ஊர்மக்கள் இவற்றைச் சயனைடு மேடுகள் என்பர். இவை இயற்கையான குன்றுகள் அல்ல. சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்த பாறையை மாவுபோல் அரைத்து, அதிலுள்ள தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்துப் பிரித்தபின் எஞ்சிய கழிவே இவ்வாறு குவிக்கப்பட்டது. ஒரு டன் பாறையில் தங்கம் கிராம் கணக்கிலேயே இருக்கும். மற்றவை அனைத்தும் கழிவாகும். நூற்றிருபது ஆண்டுகளில் இவ்வயல் சுமார் 800 டன் தங்கம் ஈந்தது. அதன் எச்சமாகப் பதின்மூன்று மேடுகளில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு நிற்கின்றது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அரைத்த மாவைப் போன்ற இக்கழிவு பறப்பதற்கு அத்துணை வலிய காற்றும் வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேடுகளினின்று எழும் தூசி குடியிருப்புகளில் படிகின்றது. இத்தூசியை அடக்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாவிற்கு விடை காண, அரசாங்கங்கள் நெடுங்காலம் முயன்று அடக்கப் பயின்ற மற்றொரு மாசினை, அதாவது கந்தக டை ஆக்ஸைடு வாயுவை, முதலில் நோக்குதல் பயன் தரும்.

கந்தகப் புகைக்கு இட்ட கடிவாளம்

நிலக்கரியிலும் கச்சா எண்ணெயிலும் கந்தகம் கலந்துள்ளது. அவை எரியும்போதும், கந்தகம் கலந்த உலோகத் தாதுக்களை உருக்கும்போதும் கந்தக டை ஆக்ஸைடு உண்டாகின்றது. நிறமற்ற இவ்வாயு கார நெடி உடையது. தீக்குச்சியைக் கிழித்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடியில் இதுவும் உண்டு. இது மூச்சுக் குழாய்களைச் சுருங்கச் செய்வதால் ஆஸ்துமா நோயாளிகள் பெரிதும் துன்புறுவர். காற்றில் தங்கும்போது இது நுண்துகள்களாக மாறுகின்றது. ஈரத்துடன் சேர்ந்து அமில மழையாகவும் இறங்குகின்றது.

1952 டிசம்பரில் லண்டன் நகரத்தை மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதன் விளைவாக பிரிட்டன் 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றிற்று. அமெரிக்கா 1990-இல் வேறொரு முறையைக் கையாண்டது. மின் நிலையங்கள் யாவும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு இத்தனை டன் வாயுவையே வெளியிடலாம் என மொத்த அளவு ஒன்றை அரசாங்கம் விதித்தது. ஒவ்வொரு நிலையமும் தன் பங்கிற்கு அனுமதிச் சீட்டு பெற வேண்டும். மிச்சமானதைப் பிறருக்கு விற்கலாம். புகைபோக்கிகளில் இடைவிடாது அளக்கும் கருவிகளும் பொருத்தப்பட்டன. முப்பது ஆண்டுகளில் அங்கு மின் நிலையங்கள் வெளியிடும் இவ்வாயு பத்தில் ஒரு பங்கிற்கும் கீழாகக் குறைந்தது.

இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் நிறைவேறியது. தொழிற்சாலையை நடத்துவோர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தரங்களின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் கந்தக டை ஆக்ஸைடு 24 மணி நேரச் சராசரியாக 80 மைக்ரோகிராமையும், ஆண்டுச் சராசரியாக 50 மைக்ரோகிராமையும் மிஞ்சலாகாது. 2015 டிசம்பரில் நிலக்கரி மின் நிலையங்களின் புகைக்கும் வரம்பு கட்டப்பட்டது. சுண்ணாம்புக் கல் குழம்பினூடே புகையைச் செலுத்தினால், கந்தகம் ஜிப்சமாகப் பிரிந்துவிடும். எனினும் இதற்கான தவணை பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. வரம்பு கட்டுவது வேறு, அதனை நிறைவேற்றுவது வேறு என்பதற்கு இது சான்று.

இம்முறைகள் யாவற்றிலும் மூன்று கூறுகள் பொதுவாக அமைந்துள்ளன. முதலாவது, மாசினை அளத்தல். இரண்டாவது, வரம்பு விதித்தல். மூன்றாவது, வரம்பு மீறினால் விடை கூற வேண்டியவர் ஒருவர் இருத்தல். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

வாயில் இல்லாத மாசு

தங்கவயலில் சுரங்க வேலை நடந்த நாட்களில் தூசியால் வரும் துன்பம் நிலத்தடியிலேயே பெரிதும் காணப்பட்டது. வெண்கல் பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் தீரா நோயைத் தந்தது. 1940-களில் இங்கு நடந்த ஆய்வுகளில், சோதிக்கப்பட்ட தொழிலாளருள் பத்தில் நால்வருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ், சிலிக்கோசிஸ் கண்டவுடன் அரசாங்கத்திற்குத் தெரிவிக்க வேண்டிய நோயாயிற்று. ஆகவே நிலத்தடித் தூசிக்கு விடை கூறச் சுரங்க நிர்வாகம் ஒன்று இருந்தது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் நிலத்தின்மேல் எஞ்சிய மேடுகளுக்கு மேற்கூறிய மூன்றாவது கூறு தளர்ந்துவிட்டது. 1981 சட்டம் மாசு வெளியேறும் வாயில்களாகப் புகைபோக்கியையும் குழாயையும் பிற போக்குகளையும் குறிப்பிடுகின்றது. மேட்டுக்கு அத்தகைய வாயில் ஏதும் இல்லை. அதன் மேற்பரப்பு முழுவதுமே வாயில். நிலம் மத்திய அரசாங்க நிறுவனத்தின் உடைமையே ஆயினும், புதுப்பிக்க வேண்டிய இசைவும் இல்லை, நிறுத்தி வைக்கக்கூடிய உலையும் இல்லை. சுரங்கத்தை மூடுமுன் நிலத்தைச் சீர்ப்படுத்தத் திட்டமும் ஈட்டுத் தொகையும் அளிக்க வேண்டும் என்ற விதி 2003-இல் வந்தது. தங்கவயல் மூடப்பட்டதோ அதற்கு ஈராண்டு முன்னரே.

இனிச் செய்யத்தக்கது

2024 ஜூனில், இப்பதின்மூன்று மேடுகளையும் மீண்டும் பதப்படுத்தி எஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசாங்கத்தின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரிலும் இவ்வகை மேடுகள் உண்டு. அங்குச் சிலவற்றின்மேல் புல் வளர்த்துத் தூசியை அடக்கினர்; வேறு சிலவற்றை மீண்டும் பதப்படுத்தி அகற்றினர். ஆறிக் கிடக்கும் மேட்டைக் கிளறும்போது தூசி மிகும் என்பது வெளிப்படை. ஆதலின் கழிவை ஈரமாகவே கையாளுதல், வண்டிகளை மூடிச் செலுத்துதல், கிளறிய பரப்பை உடனே மூடுதல், எஞ்சும் கழிவைச் செடி கொடிகளால் போர்த்துதல் ஆகியவற்றை வேலை தொடங்குமுன்னரே நிபந்தனைகளாக எழுதி வாங்குதல் வேண்டும். இத்தகைய ஒப்பந்தமே மேட்டுக்கு விடை கூறுவோரை மீண்டும் உண்டாக்கும் தருணம்.

அளத்தல் என்னும் முதற்கூற்றில் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் பங்கு கொள்ளலாம். இரண்டு கண்ணாடித் தகடுகளில் வாசலின் மெல்லியதாகத் தடவி, ஒன்றை மேட்டுக்குக் காற்று வரும் பக்கத்திலும் மற்றதைக் காற்று செல்லும் பக்கத்திலும் ஒரே உயரத்தில் 24 மணி நேரம் வைத்தல் வேண்டும். பின்னர் தகட்டைக் கட்டத்தாளின்மேல் வைத்து, ஒரு சதுர சென்டிமீட்டரில் படிந்த துகள்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணலாம். நாள், காற்றின் திசை, மழை ஆகியவற்றையும் குறித்தல் அவசியம். இது சட்டம் கேட்கும் அளவைக்கு ஈடாகாது. அதற்கு, காற்றை உறிஞ்சி வடிதாளில் துகளைப் பிடிக்கும் கருவி தேவை. எனினும் அக்கருவியை எத்தெருவில், எம்மாதத்தில் நிறுத்த வேண்டும் என்பதை ஓராண்டுக் குறிப்பேடு தெளிவாகக் காட்டிவிடும். வாரியத்திடம் விண்ணப்பம் செய்வோர் அக்குறிப்பேட்டையும் உடன் இணைப்பாராயின், மாரிகுப்பத்தின் தூசிக்கும் அளவும் வரம்பும் பொறுப்பாளரும் அமைய வழி பிறக்கும்.