தொட்டி ஆமையும் வெளியூர்ப் பயணமும்

சிவப்புக் காது ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. கடையில் உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு, வளர்ந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். 20, 30 ஆண்டுகள் உயிர்வாழும். விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

தொட்டியில் நீந்தும் அளவுக்குத் தண்ணீரும், ஏறி உடல் காய ஒரு மேடையும் வேண்டும். மேடைக்கு மேலே வெப்ப விளக்கும் புற ஊதா விளக்கும் எரிய வேண்டும். புற ஊதா ஒளி குறைந்தால் உடலில் கால்சியம் சேராது, ஓடு மென்மையாகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயில் இதற்கு ஈடாகாது. தேவையான கதிர்களைக் கண்ணாடியே தடுத்துவிடும். ஆமையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம். சால்மோனெல்லா கிருமிக்கு அஞ்சியே, 4 அங்குலத்துக்கும் சிறிய ஆமைகளின் விற்பனையை 1975இல் அமெரிக்கா தடைசெய்தது.

நலமாக உள்ள வளர்ந்த ஆமை இரண்டு மூன்று நாள் தீனியின்றித் தாங்கும், குஞ்சு தாங்காது. ஊருக்குப் போகுமுன் தீனியை மொத்தமாகக் கொட்டுவதுதான் பெரிய தவறு, தண்ணீர் கெட்டுவிடும். விளக்குக்கு டைமர் போதும். வடிகட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட பயணமென்றால், ஒவ்வொரு வேளைத் தீனியையும் தனிப் பொட்டலமாகக் கட்டிப் பக்கத்து வீட்டாரிடம் கொடுப்பது நல்லது.

வளர்க்க முடியாவிட்டாலும் ஏரியில் விடக் கூடாது: உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது.