பையனுக்குப் பெண் பார்க்கும் முன்

சம்பா நெல் கொள்முதல் நிலையம் போய்ச் சேர்ந்ததும் தஞ்சை மாவட்டத்தின் பாபநாசம், ஒரத்தநாடு பக்கத்து வீடுகளில் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும். ஆண்கள்மீது மட்டுமே ஈர்ப்புள்ள பையனுக்கு அந்த நாள்கள் பெரும் பயம். உண்மையைச் சொன்னால் அடியும் தாயத்தும். சொல்லாவிட்டால், ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி. இந்த இரண்டாவது கொடுமையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவள் வாழ்க்கையும்தான் அங்கே பாழாகிறது.

ஒரே பாலினத்தைச் சேர்ந்த, வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. ஒருபால் ஈர்ப்பு நோயும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று மாத்திரையும் ஷாக்கும் கொடுக்கும் மருத்துவர் தொழில் நெறியை மீறுகிறார் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. அவர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம்.

‘வெளிநாடு போனால் சரியாகிவிடுவான்’ என்று வளைகுடாவுக்கு விசா எடுத்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சவுதி, குவைத், கத்தார் நாடுகளில் ஆண்களுக்கிடையிலான உறவு தண்டனைக்குரிய குற்றம். வேலைக்குப் போனவருக்கும் அதே சட்டம்தான். போனில் இருக்கும் ஒரு படமோ உரையாடலோ போதும், சிறைக்கோ நாடுகடத்தலுக்கோ கொண்டுபோய்விட. பாஸ்போர்ட் முதலாளியின் கையில் இருந்தால் தப்பித்து வருவதும் கடினம்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு எல்லோருக்கும் தெரிய வேண்டும். ‘பிள்ளையைக் காணோம்’ என்று பெற்றோர் புகார் கொடுத்தாலும், வயது வந்தவர் தன் விருப்பத்தில் வந்ததாகச் சொன்னால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடிக்க வேண்டும். துன்புறுத்தினால் அந்தக் காவலர்மீதே நடவடிக்கை எடுக்க 2022-இல் நடத்தை விதி திருத்தப்பட்டது.

வீட்டில் அடைத்து வைத்தால் துணைவரோ நண்பரோ உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். தஞ்சை மாவட்டத்துக்கு மதுரைக் கிளை, திருவாரூர், நாகைக்குச் சென்னை உயர் நீதிமன்றம். 2025 மே மாதம் அப்படி ஒரு வழக்கில் 25 வயதுப் பெண் நீதிபதிகளிடமே பேசினார். தன்னை அடித்ததையும், ‘சரிசெய்ய’ சடங்குகள் நடத்தியதையும் சொன்னார். விரும்பியவருடன் போக அவருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் விடுவித்தது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. தகுதியுள்ளவர்களுக்கு வக்கீல் இலவசம்.

ஆனால் போன் பிடுங்கப்பட்ட பிறகு யாரையும் கூப்பிட முடியாது. ஆதாரும் மார்க் ஷீட்டும் பெரும்பாலும் அப்பாவின் பீரோவில்தான் இருக்கும். நகல்களை இப்போதே நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ‘இரண்டு நாள் பேசவில்லை என்றால் நீ மனு போடு’ என்றும் சொல்லி வையுங்கள்.

டேட்டிங் செயலியில் பழகிவிட்டு ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்று பணம் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம். ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காதீர்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஒருபால் திருமணத்துக்கு 2023-இல் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. ஆனாலும் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், துணைவரை நாமினியாகப் போடலாம், உயிலும் எழுதலாம். மனம் உடைந்துபோனால் 14416-இல் டெலிமனாஸ் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் பேசலாம்.