முதல் உத்தியோகம்: எதை ஏற்பது?

பி.காம். தேறிய நம் பிள்ளைகளுக்குச் சில வேளை இரண்டு நியமன உத்தரவுகள் ஒருங்கே வருவதுண்டு: ஒன்று ரயில்வே கணக்குப் பிரிவில் இளநிலை உதவியாளர் பதவி, மற்றொன்று தனியார் கம்பெனியில் கணக்கர் வேலை. ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் வாழும் குடும்பங்களுக்கு இது பிள்ளையின் கேள்வி மட்டுமன்று.

முதலில் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரயில்வேயில் ஏழாவது சம்பளக் கமிஷன்படி இப்பதவியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். பஞ்சப்படி முதலியவை அதற்கு மேல். கம்பெனியோ ஆண்டுத் தொகையைச் சொல்லும். வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கும் பல இடங்களில் அதற்குள்ளேயே அடக்கம். ஆகவே மாதந்தோறும் கைக்கு வருவது எவ்வளவு என எழுத்தில் கேட்டுப் பெறுக.

அடுத்தது தொழிற்பயிற்சி. ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக் கணக்கைச் சரிபார்த்தல், ஐந்தொகை தயாரித்தல் ஆகிய மூன்றும் பழகக் கிடைத்தால் அவ்வனுபவம் எங்கும் மதிக்கப்படும். பில் பதிவது ஒன்றே வேலையெனில் பல்லாண்டு கழிந்தும் பதிபவராகவே நிற்க நேரும். ரயில்வேயிலும் ‘அப்பெண்டிக்ஸ் 3’ எனும் துறைத் தேர்வில் தேறாதவர் விரைந்து மேலேற இயலாது. நியமனம் பெற்றோர் வசிக்கும் நகரிலேயே கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை.

வீட்டில் வேறு வருமானம் இல்லையேல் ரயில்வேயை ஏற்பதே நன்று. தந்தை இன்னும் சில ஆண்டு சம்பாதிப்பாராயின், தொழில் கற்பிக்கும் கம்பெனியைத் துணிந்து ஏற்கலாம். ஆனால் அரசுத் தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு. விட்ட வாய்ப்புக்குத் திரும்பி வர நாட்கள் எண்ணப்பட்டவையே.