சாலைப் பாதுகாப்பு: மக்கள் எண்ணமும் உண்மை நிலையும்

அரியலூர் மாவட்டத்தில் சாலை விபத்து என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஏற்றிச் செல்லும் லாரிகளே. சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த மாவட்டத்தில் இது காரணமற்ற அச்சமன்று. ஆனால், லாரியைக் கண்டு ஒதுங்கும் ஒருவரே வரதராஜன்பேட்டையிலிருந்து அருகிலுள்ள ஆண்டிமடத்துக்கு இருசக்கர வாகனத்தில் செல்லும்போது, "பக்கத்தில்தானே" என்று தலைக்கவசத்தை வீட்டில் விட்டுச் செல்வதும் உண்டு. ஆபத்து நெடுஞ்சாலையில்தான், உள்ளூர்ச் சாலையில் இல்லை என்பது பரவலான எண்ணம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். மொத்த இறப்புகளில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு 36.2 விழுக்காடு, மாநில நெடுஞ்சாலைகளின் பங்கு 24.3 விழுக்காடு. எஞ்சிய 39.4 விழுக்காடு பிற சாலைகளில் நேர்ந்தவை. நாட்டின் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 விழுக்காடே என்பதால், கிலோமீட்டர் கணக்கில் அவை மிகவும் ஆபத்தானவைதாம். அதனால் உள்ளூர்ச் சாலை பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இறந்தவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் ஊரகப் பகுதிகளில் உயிரிழந்தவர்கள்.

வளைவும் குழியுமே விபத்துக்குக் காரணம் என்ற எண்ணமும் முழுமையானதன்று. அதே ஆண்டில் சுமார் 67 விழுக்காடு விபத்துகள் நேரான சாலையில் நடந்தன. நேர்சாலை வேகத்தைத் தூண்டுகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகிறது.

தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். ஓட்டுபவருக்கு மட்டுமே அது கட்டாயம் என்று கருதுவோர் இன்னும் உள்ளனர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு இருவரையும் அணியச் சொல்கிறது. தலைக்கவசம் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது.

இவற்றைவிடக் கேடு விளைவிப்பது, அடிபட்டவரைத் தூக்கினால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேரும் என்ற அச்சம். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 134ஏ பிரிவின் வழியே அதற்குச் சட்ட வலு தந்தது. உதவுபவர் விரும்பாவிட்டால் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.